தாய் உட்கொண்டதற்குப் பிள்ளையைத் தண்டிக்கலாமா?

 

போதை ஹராம் என்று எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் அந்தப் பாவத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம். தாயின் வயிற்றில் இருந்தபோதே போதைப்பொருள் போய்ச் சேர்ந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரும்போது என்ன நடக்கிறது?

தாய் உட்கொள்வது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. ஹெராயின் போன்ற அபின் வகைகளுக்குக் கருவிலேயே பழகிய குழந்தைக்கு, பிறந்தவுடன் அந்த வரத்து நின்றுவிடுகிறது. உடல் நடுங்கும், ஓயாமல் அழும், பால் குடிக்கத் திணறும், தூக்கம் வராது. சிகிச்சை கொடுத்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ இது அடங்கிவிடும். அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2000 முதல் 2006 வரை பிறந்த இப்படிப்பட்ட 2,234 குழந்தைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை மருத்துவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மூன்றாம் வகுப்பிலேயே இந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, அவர்கள் எடுத்த மதிப்பெண் மற்றப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் எடுத்ததைவிடக் குறைவாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கருவில் பட்ட பாதிப்பு மட்டும்தான் காரணம் என்றால், வருடம் ஏற ஏற இடைவெளி ஏன் கூட வேண்டும்? பிறந்த பிறகும் ஏதோ நடக்கிறது. பெற்றோர் படித்தவர்களாக இருந்த வீடுகளில் பிள்ளைகள் தோற்றுப்போவது குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

இதே விஷயத்தில் அமெரிக்கா ஒரு பெரிய தவறு செய்தது. 1980களில் அங்கே கிராக் என்ற கொக்கெய்ன் வகை பரவியது. அதைப் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகளுக்கு 'கிராக் பேபி' என்று பெயர் வைத்தார்கள். இவர்களால் படிக்கவே முடியாது, வளர்ந்தால் சமூகத்துக்குப் பாரம் என்று பத்திரிகைகள் எழுதின. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் ஏழைக் கறுப்பினத்தவரின் பிள்ளைகள்.

பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற பெண் மருத்துவர் 1989இல் 224 குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார். ஏறக்குறையப் பாதிப் பேரின் தாய்மார்கள் கொக்கெய்ன் பயன்படுத்தியவர்கள், மற்றவர்கள் பயன்படுத்தாதவர்கள். எல்லோரும் ஏழைக் குடும்பங்கள். இருபது வருடங்களுக்கு மேல் பார்த்தார். நான்கு வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தபோது ஒரு பக்கம் சராசரி 79, மறுபக்கம் 81.9. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டுமே பொதுச் சராசரியான 100க்கு மிகவும் கீழே! ஏழு வயதுக்குள் அந்தப் பிள்ளைகளில் 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 35 சதவீதம் பேர் ஒரு மனிதன் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். வறுமையும் வன்முறையும்தான் கொக்கெய்னைவிட அதிகமாகப் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்தன என்பதே அவர் கண்டது.

இதனால் கருவுற்ற பெண்ணுக்குக் கொக்கெய்ன் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது குறைப்பிரசவத்துக்கும் எடைக்குறைவுக்கும் கொண்டுபோகும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிற மதுவின் கதை இன்னும் கடுமையானது. சியாட்டிலில் 1973இல் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், கர்ப்பகாலத்தில் அதிகமாகக் குடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான முக அமைப்பையும் வளர்ச்சிக் குறைவையும் கண்டு எழுதினார்கள். மது மூளையின் வளர்ச்சியையே கெடுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கணக்கு வராது, கவனம் நிற்காது, இன்று புரிந்த பாடம் நாளை நினைவில் இருக்காது. முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமலும் இந்தப் பாதிப்பு இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும்.

நானும் மக்தபில் பல வருடம் பாடம் நடத்தியவன்தான். நேற்று ஒப்பித்த சூராவை இன்று மறந்து நிற்கும் பையனைப் பார்த்து, "உனக்கு மண்டையில் ஏறாது" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை மறப்பதற்கு என்ன காரணம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற கருத்தைக் குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது (17:15 பாருங்கள்). ஃகாமிதிய்யா பெண்ணின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. விபச்சாரத்தால் கர்ப்பமான அவர், தானே நபி (ஸல்) அவர்களிடம் வந்து தண்டனை கேட்டார். பிள்ளை பெற்ற பிறகு வா என்று அனுப்பினார்கள். பெற்றுக் கையில் ஏந்தி வந்தபோது, பால்குடி மறந்த பிறகு வா என்றார்கள். மீண்டும் வந்தபோது அந்தப் பிள்ளையின் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. அதை வளர்க்கும் பொறுப்பை முஸ்லிம்களில் ஒருவரிடம் ஒப்படைத்த பிறகே அடுத்ததைப் பேசினார்கள். தாயின் குற்றம் எதுவாக இருந்தாலும், பிள்ளையின் பாலும் ரொட்டியும் வளர்ப்பும் முதலில் கவனிக்கப்பட்டன.

தாய்மார்களை ஏசுவதும் வேண்டாம். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்த தோழரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியில் இருக்கிறது. ஏச்சுக்குப் பயந்த பெண் மருத்துவரிடம் உண்மையை மறைப்பாள். அபின் வகைகளுக்கு அடிமையான கர்ப்பிணி தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மெத்தடோன் போன்ற மருந்து கொடுத்து மருத்துவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அவள் மருத்துவமனை வாசல்வரை போக நாம் வழிவிட வேண்டும், கூடப் போகவும் வேண்டும்.

மக்தப் உஸ்தாதுகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மறந்து மறந்து நிற்கும் பிள்ளைக்குப் பாடத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கொடுங்கள். ஒரு ஆயத்தைப் பத்து நாள் ஓதினாலும் பரவாயில்லை. பிரம்பை எடுக்காதீர்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காரணம் தெரியவந்தால் அதை ஜமாஅத்தில் பரப்பாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மக்தப் உஸ்தாதுகள் எல்லோரும் என்னுடன் உட்காருவோம், இன்ஷா அல்லாஹ். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வாருங்கள்.