நவம்பர் 30-க்குள் முடிக்க வேண்டிய வரி வேலைகள்: ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு

தீபாவளிக்கு அனுப்பிய பார்சல்களில் திரும்பி வர வேண்டியவை இப்போது வந்துகொண்டிருக்கும். அளவு பொருந்தவில்லை, நிறம் படத்தில் பார்த்த மாதிரி இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் ஒட்டியிருக்கும். பண்டிகைப் பரபரப்பில் ஒதுக்கி வைத்த பில்களும் தளங்களிலிருந்து வந்த ரிப்போர்ட்டுகளும் ஒரு பக்கம் சேர்ந்து கிடக்கும். அவற்றை இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடுங்கள். 2024-25 நிதியாண்டில் நீங்கள் கொள்முதலுக்கும் கட்டணங்களுக்கும் கொடுத்த ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட்டாக எடுக்காமல் விட்டது ஏதாவது இருந்தால், அதை எடுக்க 2025 நவம்பர் 30 கடைசி நாள். அதற்குப் பிறகு பில் கையில் இருந்தாலும் அந்தப் பணம் உங்களுடையது இல்லை.

வரி என்றாலே ஏய்ப்பைப் பற்றித்தான் பேச்சு. வாங்கி விற்கும் சிறு ஆன்லைன் வியாபாரிகளிடம் நான் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது. நோட்டீஸுக்குப் பயந்து கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். சட்டமே திருப்பித் தரச் சொல்லும் பணத்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். லாபம் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று நிற்கிற தொழிலில் இது சின்ன நஷ்டம் இல்லை.

ஒரு நைட்டியை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் வரி தவிர்த்து 200 ரூபாய்க்கு வாங்கி, தளத்தில் வரி உள்பட 399 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 5 சதவீத வரி என்பதால் 399-இல் 19 ரூபாய் அரசுக்குச் சேர வேண்டியது. கொள்முதல் பில்லில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த வரி 10 ரூபாய். இதுவரை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் அந்த நைட்டிக்குத் தளம் கமிஷன், ஷிப்பிங், இதர கட்டணம் என்று 100 ரூபாய் எடுத்துக்கொண்டால் அதன்மேல் 18 சதவீதம், அதாவது 18 ரூபாய், ஜிஎஸ்டியும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அதுவும் உங்கள் இன்புட். 10-உம் 18-உம் சேர்ந்தால் 28. கட்ட வேண்டியதோ 19. கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. கமிஷன் பில்லைக் கணக்கில் சேர்க்காத வியாபாரி அதே நைட்டிக்கு 9 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பார்.

தளத்தின் கட்டண பில் வங்கிக்கு வரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் இருக்காது. விற்பனையாளர் பக்கத்தில் வரி ஆவணங்கள் என்ற பகுதியில் மாதாமாதம் தனி இன்வாய்ஸாக ஏற்றியிருப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பன்னிரண்டு மாத இன்வாய்ஸ்களையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பில், பதிவில்லாத ஒருவருக்குப் போட்ட பில்லாகக் கணக்காகிவிடும். உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வராது. 2பி-யில் வராததை எடுக்கவும் முடியாது. அப்படி இருந்தால் தளத்தின் விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு இன்றைக்கே டிக்கெட் போடுங்கள். பேக்கிங் கவர், பில் பிரின்டர், விளம்பரக் கட்டணம் இவற்றின் பில்களுக்கும் இதே சோதனைதான்.

மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு அக்டோபர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி நவம்பர் 20-இல் வருகிறது. நவம்பர் மாத 3பி டிசம்பரில்தான் போகும் என்பதால், பழைய ஆண்டுப் பாக்கியை எடுக்க இந்த ஒரு ரிட்டர்ன்தான் மிச்சம். சரிபார்த்து முடிக்கும்வரை அதை அவசரப்பட்டுப் போட்டுவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கறார். அக்டோபர்-டிசம்பர் காலாண்டின் 3பி ஜனவரியில்தான் போகும்; அதற்குள் கெடு முடிந்துவிடும். ஜூலை-செப்டம்பர் ரிட்டர்னை இன்னும் போடாதவர்கள் தாமதக் கட்டணத்தைப் பார்க்காமல் நவம்பர் 30-க்குள் பாக்கி கிரெடிட்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். போட்டு முடித்தவர்கள் 2024-25 பாக்கியை இனி எடுக்க வழியில்லை. அடுத்த ஆண்டு இந்த வேலையை செப்டம்பரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்த நாள் நவம்பர் 30-க்கு முன்னால் வந்தால், அந்த நாளோடு உரிமை முடிகிறது. இரண்டு கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆண்டு ரிட்டர்ன் கட்டாயமே இல்லை.

கேஷ் லெட்ஜரில் தூங்கும் பணம்

நைட்டிக் கணக்குக்குத் திரும்புவோம். கையிலிருந்து கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றேன். ஆனால் தளம் உங்கள் விற்பனை மதிப்பில், திரும்பி வந்த சரக்கைக் கழித்துவிட்டு, 0.5 சதவீதம் டிசிஎஸ் என்று பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. 2024 ஜூலை 10-க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. வரி நீங்கலான 380 ரூபாய்க்கு 1 ரூபாய் 90 காசு. ஆயிரம் நைட்டிக்கு 1,900 ரூபாய். இன்புட் கிரெடிட்டிலேயே வரி தீர்ந்துவிடும் வியாபாரிக்கு இந்தப் பணம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போகும். இதைத் திருப்பி வாங்கலாம்.

அதற்கு முன் ஒரு படி உண்டு. பலரும் சறுக்குவது அங்கேதான். தளம் பிடித்த பணம் தானாக ஜிஎஸ்டி போர்டலில் உங்கள் பணக் கணக்கான கேஷ் லெட்ஜருக்கு வராது. போர்டலில் ரிட்டர்ன்ஸ் பகுதியில் டிடிஎஸ், டிசிஎஸ் கிரெடிட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால், எந்தத் தளம் எவ்வளவு பிடித்தது என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரிசையையும் டிக் செய்து, ஏற்கிறேன் என்று கொடுத்து, ஓடிபி போட்டுத் தாக்கல் செய்தால்தான் லெட்ஜரில் ஏறும். ஒரு பக்கம் இதை ஏற்காமல் விட்டுவிட்டு, மறுபக்கம் அதே மாத வரிக்கு வங்கியிலிருந்து சலான் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

லெட்ஜரில் ஏறிய பிறகு வரிக்கும் அதைப் பயன்படுத்தலாம். மிஞ்சினால் ஆர்எஃப்டி-01 படிவத்தில் கேஷ் லெட்ஜரின் உபரி என்ற காரணத்தைத் தேர்ந்து ரீஃபண்ட் கேட்கலாம். மற்ற ரீஃபண்டுகளுக்கு உள்ள இரண்டு ஆண்டுக் கெடு இதற்குப் பொருந்தாது என்று 2021 நவம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்தால் ரீஃபண்ட் இல்லை என்ற விதியும் இந்த வகைக்குக் கிடையாது. விண்ணப்பம் போட்டு 60 நாள் தாண்டியும் பணம் வராவிட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. போர்டலில் உள்ள வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டதா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்புட் கிரெடிட் லெட்ஜரில் மிஞ்சுவதை இப்படிப் பணமாக வாங்க முடியாது. 2025 செப்டம்பர் 22-இல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதமானதும், அதுவரை 12 சதவீதத்தில் இருந்த ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வாங்கி வைத்திருந்தவர்களுக்குக் கிரெடிட் தேங்கிவிட்டது. வாங்கிய பொருளையே விற்கும்போது இந்த வித்தியாசத்துக்கு ரீஃபண்ட் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். அது உங்கள் லெட்ஜரிலேயே இருக்கும்; இனி வரும் வரிகளுக்குக் கழியும்.

பதிவே தேவையில்லாதவர்கள்

ஆன்லைனில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, பொருள் மட்டும் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பினால் பதிவில்லாமலே தளத்தில் விற்கலாம். பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி போர்டலில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். அது வந்த பிறகுதான் விற்பனையைத் தொடங்க வேண்டும். இப்படிச் சேர்ந்தவரிடம் தளம் டிசிஎஸ் பிடிக்கவும் கூடாது. 40 லட்சம் என்பது ஒரு பான் எண்ணின் மொத்தக் கணக்கு. கடையில் நேரில் விற்றதும் அதில் சேரும்.

இடறுவது மாநில எல்லையில்தான். வெளி மாநிலத்துக்கு வரியுள்ள பொருள் ஒன்று போனாலும் பதிவு கட்டாயம்; தளம் வழியாக விற்றாலும், இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்துக் கூரியரில் போட்டாலும் இதுதான் சட்டம். கடலூர்க்காரர் புதுச்சேரிக்கு அனுப்பும் சேலையும் வெளி மாநில விற்பனைதான். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும், 20 லட்சம் வரை, பான் எண்ணும் ஈ-வே பில்லும் இருந்தால் விலக்கு உண்டு. புதுச்சேரியில் இருந்து விற்பவர்களுக்கு 40 லட்சம் வரம்பும் கிடையாது. அங்கே 20 லட்சம்தான். இந்த எல்லைக்குப் பயந்து பெங்களூரு ஆர்டர்களை மறுத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒன்றும் இல்லை. 2025 நவம்பர் 1 முதல், பதிவுள்ள வாங்குவோருக்கான வரி மாதம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகாதவர்களுக்கு ஆதார் சரிபார்ப்போடு மூன்று வேலை நாளில் பதிவு தரும் வழி வந்திருக்கிறது. வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்பவர்கள் அநேகமாக எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

வரியே இல்லாத பொருள் மட்டும் விற்பவருக்கு எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம். அச்சுப் புத்தகம், குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையல் இப்படிப்பட்டவை. 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், அழிப்பான், எழுது நோட்டும் சேர்ந்துவிட்டன. அவற்றோடு வரியுள்ள ஒரு பொருளைச் சேர்த்து விற்றாலும் இந்தச் சலுகை போய்விடும். தளத்தில் ஏற்றும்போது தானாக விழும் வரிக் குறியீட்டை இவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

பழைய செல்போன், பழைய கேமரா வாங்கி விற்பவர்கள் மொத்த விலைக்கு வரி கட்டத் தேவையில்லை. வாங்கும்போது இன்புட் கிரெடிட் எடுக்காமல் இருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 6,000-க்கு வாங்கி 7,000-க்கு விற்றால் ஆயிரம் ரூபாய்க்குத்தான். நஷ்டத்தில் விற்றால் வரியே இல்லை. வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும்: விற்றவரிடம் கையெழுத்து ரசீது, அடையாள அட்டை நகல், முடிந்தால் வங்கி வழியாகப் பணம்.

தப்பான கணக்கில் கட்டியிருந்தால்

வீட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது சரக்கு போய்ச் சேரும் முகவரியை வைத்துத்தான் வரி. பணம் கட்டியவர் மதுரைக்காரர், பரிசாகப் போவது ஹைதராபாத்துக்கு என்றால் ஐஜிஎஸ்டி. மதுரையைப் பார்த்து மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று கட்டியிருந்தால், சரியான கணக்கில் மறுபடி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பழையதைத் திரும்பப் பெறலாம். தவறுக்கு வட்டியும் கேட்க மாட்டார்கள். தீபாவளிக்கு அனுப்பிய பரிசு ஆர்டர்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக வருமான வரி. தளம் வருமான வரிக்காகவும் தனியாக டிடிஎஸ் பிடிக்கிறது. இப்போது 0.1 சதவீதம், 2024 செப்டம்பர் 30 வரை 1 சதவீதம். ஆகவே 2024-25-இன் முதல் பாதியில் பத்து லட்சத்துக்கு விற்றவரிடம் 10,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். படிவம் 26ஏஎஸ்-இல் உங்கள் பெயரில் அது இருக்கும். வருமான வரி வரவில்லை என்று ரிட்டர்ன் போடாமல் இருந்தவர்களுக்கும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். தாமத ரிட்டர்னை 2025 டிசம்பர் 31 வரை போடலாம். ஆண்டு விற்பனை ஐந்து லட்சத்துக்குள் இருக்கும் தனிநபர்கள் பான் அல்லது ஆதாரைத் தளத்திடம் கொடுத்திருந்தால் இந்தப் பிடித்தமே கிடையாது. கொடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

2025 நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. ஆடிட்டர் அலுவலகம் பூட்டியிருக்கும், போர்டலில் கூட்டம் நெரியும். மாத ரிட்டர்ன் போடுகிறவர்கள் 20-ஆம் தேதிக்குப் போடும் ரிட்டர்னிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.