பிரேக்கில் காற்றா? வேக்குவம் பம்பால் இழுங்கள்

பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் இருந்தால் பெடல் மிதிக்க இன்னொரு ஆள் தேடவேண்டியதில்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி ஜாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கை நம்பாதீர்கள். காரின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என எது போட்டிருக்கிறதோ அதையே, சீல் பிரிக்காததாக வாங்குங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். பாதி மீந்த பழைய டப்பா வேண்டவே வேண்டாம்.

சக்கரத்தின் பிரேக்கில் உள்ள பிளீடர் நிப்பிளில் பம்பின் ஹோஸை மாட்டி, வேக்குவம் ஏற்றிய பிறகே நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பம்பின் முள் பூஜ்யத்துக்கு வருமுன் இறுக்குங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலைப் பாருங்கள்.

ஹோஸில் வரும் குமிழி ஓயவே இல்லையா? பதறாதீர்கள். நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்தாலும் இப்படித்தான் வரும். நுனியும் துளையும் மறையாமல் மரையில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். இதற்கிடையே காரின் டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள். போனால் பட்ட பாடெல்லாம் வீண். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். அப்போதும் பஞ்சுபோல அமுங்கினால், ஏபிஎஸ் யூனிட்டில் காற்று தங்கியிருக்கலாம். அதற்கு ஸ்கேனர் வேண்டும். காரைச் சாலையில் இறக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.