‘எனக்கென்ன விசரே?’



வந்து இறங்கின புதிதில் நித்திரை இல்லை, வெடிச்சத்தம் மாதிரி ஏதும் கேட்டால் நெஞ்சு பதறுது என்று சொல்பவர்கள் அநேகம். ப்சிகோலொகோவிடம் போங்கோ என்றால், "எனக்கென்ன விசரே?" என்பார்கள். அங்கொடையில் அடைத்த மாதிரி அடைத்துப்போடுவார்கள் என்ற பயம். இத்தாலியில் 1978ஆம் ஆண்டின் 180ஆம் இலக்கச் சட்டம் அப்படியான பெரிய ஆஸ்பத்திரிகளை மூட வழிசெய்தது. போய்க் கதைத்துவிட்டு வீட்டுக்கு வருவதுதான் இங்கே வழமை.

ப்சிக்கியாத்ரா என்பவர் டொக்டர், மருந்து எழுதுவார். ப்சிகோலொகோ மருந்து தரமாட்டார். இவர்களில் மேலதிகமாக நாலு வருசமாவது படித்து, பேச்சால் வைத்தியம் செய்பவர் ப்சிகோதெராபெயூத்தா. அந்த வைத்தியத்திலும் பல வகை. ஒருவர் நடந்ததை ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்லவைப்பார். ஒருவர் எண்ணத்தை மாற்றப் பழக்குவார். இன்னொருவர் கண்ணை இடம்வலமாக அசைக்கச் சொல்வார், சிரிக்காதேங்கோ, அதுவும் ஒரு முறைதான். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட வடகிழக்கில் 31 பிள்ளைகளில் ஒரு பகுதிக்குக் கதை சொல்லும் முறையையும் மற்றப் பகுதிக்குத் தியானத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். ஆகவே முறையின் பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். முன்னால் இருப்பவரோடு மனம்விட்டுக் கதைக்க முடியுதா என்று பாருங்கள். மூன்று நாலு தரம் போயும் முடியாவிட்டால் வேறு ஆளைக் கேட்கலாம். அவர் கோபிக்கமாட்டார்.

எங்கட ஆக்களுக்குப் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பாளர்தான். அல்பெர்கேரியாவில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். காலையில் உங்கள் கதையைக் கேட்டவரைப் பின்னேரம் பல்லாரோச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது காண்பீர்கள். சிறையில் நடந்ததை, ஒரு பெண் தனக்கு நடந்ததை, அப்படி ஒருவர் முன்னால் எப்படிச் சொல்வது? வைத்தியரைப் போல அவரும் ரகசியம் காக்க வேண்டும். என்றாலும் மனம் ஒப்பாவிட்டால், "வொர்ரேய் கம்பியாரே மெதியாத்தோரே" என்று சொல்லுங்கள், ஆளை மாற்றிக் கேட்பது அது. பெண்தான் வேண்டும் என்றும், வேறு ஊரிலிருந்து ரெலிபோனில் ஒருவர் என்றும் கேட்கலாம். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

சாந்தா ரொசாலியா மலைக்கு ஞாயிறுகளில் நடக்கிறவர்கள் நடவுங்கோ, அதோடு இதையும் செய்யலாம்.

கொமிஸ்ஸியோனே விசாரணைக்கு முன்பே உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிவையுங்கள். வைத்தியரின் எழுத்து அறிக்கை வழக்குக்கு உதவலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அங்கே கொடுக்கக்கூடாது.

தொடங்கும் இடம் உங்கள் குடும்ப டொக்டர், அல்லது காசு கேட்காத கொன்சுல்தோரியோ. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அப்பொயின்ற்மென்ற் வரை காத்திராமல் உடனே 112க்கு அடியுங்கள், அல்லது ப்ரொன்தோ சொக்கோர்சோவுக்குப் போங்கள், எந்த நேரமும் திறந்திருக்கும்.