பழைய .22 துப்பாக்கி குறி தவறுவது ஏன்?

.22 அங்குல விட்டமுள்ள சிறு துப்பாக்கி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய மாணவர் படையின் பயிற்சியிலும், இலக்குச் சுடும் கழகங்களிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அத்தகைய துப்பாக்கி ஒன்று பழையதாகிக் குறி தவறத் தொடங்கினால், இரண்டு முடிவுகளுள் ஒன்று விரைவில் செய்யப்படுவது வழக்கம். சுடும் மாணவனுக்குக் கை நிலையில்லை என்பது ஒன்று. குழல் தேய்ந்துவிட்டது, துப்பாக்கியைக் கழித்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் சோதனையின்றிச் செய்யப்படும் முடிவுகளே. முதலாவதால் தகுதியுள்ள மாணவன் ஒருவன் தேர்விலிருந்து விலக்கப்படுகிறான். இரண்டாவதால் பழுது நீக்கிப் பயன்படுத்தத்தக்க அரசு உடைமை வீணாகிறது. இவற்றினும் கொடிய பிழை ஒன்று உண்டு. உண்மையிலேயே அபாயமான பழுதைக் கண்டும், பழைய துப்பாக்கி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதே அது. இம்மூன்றையும் தவிர்க்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

தீவில் இதன் முக்கியத்துவம்

வட, நடு அந்தமான் மாவட்டத்தைச் சேர்ந்த லாங் ஐலண்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள இத்தீவைப் படகின் மூலமே அடைய இயலும். இத்தகைய இடத்திற்கு ஆயுதப் பழுதுபார்ப்பவர் நினைத்த நாளில் வந்து சேர இயலாது. துப்பாக்கியை அவரிடம் அனுப்புவதானால் அனுமதி, காவல், படகு ஆகிய யாவும் ஒருங்கே அமைய வேண்டும். ஆதலின் அதனுடன் செல்லும் பழுதறிக்கை தெளிவாக இருத்தல் இன்றியமையாதது. "சரியாகச் சுடவில்லை" என்ற ஒரு வரி அவருக்கு எவ்விதத்திலும் உதவாது.

தட்பவெப்ப நிலையும் கருதத்தக்கது. அந்தமானில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. மே மாதம் முதல் ஆண்டின் இறுதிவரை இரு பருவக்காற்றுகளும் அடுத்தடுத்து மழை தருகின்றன. காற்றில் ஈரமும் உப்பும் கலந்துள்ளன. எஃகு, மரம், தோட்டா ஆகிய மூன்றையும் இவை பாதிப்பதை மேலே காண்போம்.

சட்டமும் பாதுகாப்பும்

இங்குக் கூறப்படுபவை கண்டறியும் முறைகளே. பழுதுபார்க்கும் முறைகள் அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் பெறாதவர் ஆயுதங்களைப் பழுதுபார்த்தல் ஆகாது. மாணவர் படைத் துப்பாக்கியாயின், அப்பணி படைப்பிரிவின் பழுதுபார்ப்பவருக்கே உரியது. எந்தச் சோதனைக்கு முன்னும் தோட்டா அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்க. சுட்டுப் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே நிகழ வேண்டும். சிறிய குண்டாயினும் அது ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. தூரம் செல்லவல்லது என்பதை மறத்தல் கூடாது.

தோட்டாவின் அமைப்பு

பாரிஸ் நகரத்து ஃப்ளோபேர் என்பவர் 1845இல் அமைத்த சிறு தோட்டாவே விளிம்பு வெடித் தோட்டாக்களின் முன்னோடி. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் .22 குறுந்தோட்டாவை வெளியிட்டது. இன்று எங்கும் வழங்கும் '.22 லாங் ரைஃபிள்' தோட்டா 1887இல் தோன்றியது. இதன் தீமூட்டு மருந்து, பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பினுள் வளையமாகப் பரவியுள்ளது. சுடுமுள் அவ்விளிம்பை நசுக்கும்போது அம்மருந்து தீப்பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தைக் கொளுத்துகிறது. சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வெளியேறுகிறது. குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட புரிகள் வழக்கமாக 406 மி.மீ. நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றன. குண்டு வினாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் வெளியேறுமாயின், அது வினாடிக்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது. இச்சுழற்சியே அதனை நேராகச் செலுத்துகிறது. இவற்றுள் எந்தப் படியிலும் ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் வேறுபாடு ஏற்படுமாயின், இலக்கில் குண்டுகள் சிதறும்.

முதற்படி: பழுது உண்டா எனத் துணிதல்

துப்பாக்கியின் மரக்கட்டையை மணல் மூட்டையின்மேல் தாங்குக. குழலைத் தாங்குதல் கூடாது. தேர்ந்த இருவர், ஒருவர்பின் ஒருவராக, 25 மீட்டர் தூரத்தில் ஐந்து ஐந்து குண்டுகளாகச் சுடட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய இலக்குத்தாளை வைக்க வேண்டும்.

தாளில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஐந்து குண்டுகளும் நெருங்கி, ஆனால் மையத்தை விட்டு விலகி விழுந்திருப்பின், துப்பாக்கி நன்றாகவே சுடுகிறது. குறிகளைத் திருத்துவதே தேவை. குண்டுகள் அகலச் சிதறியிருந்தால் மட்டுமே மேற்கொண்டு ஆராய வேண்டும். சிதறல் ஒருவரிடம் மட்டும் காணப்பட்டால் காரணம் பயிற்சிக் குறைவு. இருவரிடமும் காணப்பட்டால் காரணம் துப்பாக்கியிலோ தோட்டாவிலோ உள்ளது.

ஒரே ஒரு தொகுதியைக் கொண்டு முடிவு செய்யற்க. எதனையும் மாற்றாமல் அடுத்தடுத்துச் சுட்ட இரு தொகுதிகளுள் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாயிருப்பது தற்செயலாகவே நேரக்கூடியது. குறைந்தது ஐந்து தொகுதிகளை அளந்து சராசரி காண்பது நலம். ஆசிரியர்கள் இதனைச் சராசரி, மாறுபாடு ஆகியவற்றை விளக்கும் நல்ல எடுத்துக்காட்டாகவும் கொள்ளலாம்.

இரண்டாம் படி: தோட்டாவை மாற்றிப் பார்த்தல்

எதனையும் கழற்றாமல் மாற்றக்கூடியது தோட்டா ஒன்றே. ஆதலின் அதனை முதலில் மாற்றுக. குண்டு பித்தளைக் கூட்டின் வாயில் இறுக்கப்பட்டுள்ளதே அன்றி, ஈரம் புகாவண்ணம் முற்றும் அடைக்கப்படவில்லை. ஈரமான கிடங்கில் பல பருவங்கள் கிடந்த தோட்டாக்களில் தீமூட்டு மருந்து வலுவிழக்கும்; குண்டின் மெழுகுப் பூச்சும் கெடும். அதனால் குண்டுகளின் வேகம் சமமாக இராது. 50 மீட்டர் தூரத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு ஏற்படின், குண்டு விழும் இடம் மேல்கீழாக ஏறத்தாழ 7 மி.மீ. மாறும். ஒலிம்பிக் பந்தயத்தின் 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றது இவ்வகைத் தோட்டாவைக் கொண்ட போட்டியிலேயே என்பது நினைவுகொள்ளத்தக்கது.

ஓர் எச்சரிக்கை. சுடும்போது ஓசை வழக்கத்தினும் மெலிந்து கேட்டால், உடனே சுடுவதை நிறுத்துக. குண்டு குழலினுள்ளேயே தங்கியிருக்கலாம். அதன்பின் மற்றொரு குண்டைச் சுட்டால் குழல் வீங்கும்; வெடிக்கவும் கூடும்.

மூன்றாம் படி: குறிகளும் திருகுகளும்

முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி 600 மி.மீ. எனக் கொள்வோம். 25 மீட்டர் என்பது அதனைப்போல் ஏறத்தாழ 42 மடங்கு. எனவே தளர்ந்த குறி அரை மி.மீ. அசைந்தாலும் குண்டு 21 மி.மீ. விலகிவிடும். குறியின் அடிப்பகுதிக்கும் குழலுக்கும் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இடுக. திருகுத் தலைகளிலும் அவ்வாறே செய்க. இருபது குண்டுகள் சுட்டபின் கோடு முறிந்திருந்தால், அவ்விடம் அசைகிறது என்பது உறுதி. பெரும்பழுது என்று கருதப்பட்டவை பல, இவ்வாறு தளர்ந்த ஒரு திருகிலேயே முடிந்துவிடுகின்றன.

நான்காம் படி: மரக்கட்டை

மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நெடுக்கில் மிகச் சிறிதளவும், குறுக்கில் அதனினும் பன்மடங்கும் விரிகிறது. மரத்தொழிலை நன்கறிந்த அந்தமான் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. மழைக்காலத்தில் விரிந்த கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தும். கோடையில் சுருங்கித் திருகுகளைத் தளர்த்தும். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு தாள் துண்டைச் செலுத்திப் பார்த்து, அது எங்கே தடைப்படுகிறது எனக் குறித்துக்கொள்க. தடைப்படுவது மட்டுமே பழுதன்று. லீ என்ஃபீல்டு போன்ற துப்பாக்கிகளில் கட்டை சில இடங்களில் குழலைத் தொடவேண்டும் என்றே அமைக்கப்பட்டுள்ளது. இருபக்கமும் ஒத்திராமையும், பருவத்துக்குப் பருவம் தொடும் இடம் மாறுவதுமே ஐயத்திற்குரியவை. பிப்ரவரியில் நன்றாகச் சுட்டு ஜூலையில் சிதறும் துப்பாக்கியில் முதலில் கட்டையையே நோக்குக.

ஐந்தாம் படி: குழல்

பழைய குழல்களின் துருவுக்கு ரசாயனக் காரணம் ஒன்று உண்டு. முற்காலத் தீமூட்டு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு எஞ்சும். கறியுப்பை ஒத்த இவ்வுப்பு, ஈரக்காற்றில் நீரை ஈர்த்து எஃகை அரிக்கும். எண்ணெய் இதனைக் கரைப்பதில்லை, நீரே கரைக்கும். அக்காலப் போர்வீரர்கள் துப்பாக்கிக் குழலில் கொதிநீர் ஊற்றியதன் காரணம் இதுவே. துருப்பிடிக்கச் செய்யாத மருந்து 1920களில் பரவலாயிற்று. எனினும் அதற்கு முன் உண்டான குழிகள் பழைய குழல்களில் இன்றும் காணப்படலாம்.

போல்ட்டை நீக்கிய குழலின் வாயருகே வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, பின்புறமிருந்து நோக்குக. புரிகள் தெளிவாகத் தெரிகின்றனவா, கருநிறக் குழிகள் உளவா, அறைக்கு முன்னே ஈயம் படிந்து சாம்பல் நிறமாயிருக்கிறதா எனக் காண்க. குழலின் நடுவே கருவளையம் ஒன்று தோன்றினும், துடைக்கும் துணி ஓரிடத்தில் மட்டும் திடீரெனத் தளர்ந்து சென்றாலும், அது வீக்கத்தின் அடையாளமாகலாம். அத்துப்பாக்கியை மேலும் சுடுதல் கூடாது.

குழல்வாய் தனிக்கவனத்திற்குரியது. குண்டின் அடிப்பகுதி குழலை விட்டு நீங்கும் கணத்தில் வாயு சுற்றிலும் சமமாக வெளியேற வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் சிதைந்திருந்தால் வாயு அப்பக்கமே முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். சிறிது பஞ்சை வாயினுள்ளிருந்து வெளிப்புறமாக இழுத்துப் பார்க்க. நூலிழை சிக்கும் இடத்தில் பிசிறு உண்டு. வாயின் வழியாகத் துடைப்புக்கம்பியைச் செலுத்தித் தேய்ப்பதே இச்சிதைவுக்குப் பெருங்காரணம். மென்மையான ஈயக்குண்டு குழலை மிக மெதுவாகவே தேய்க்கிறது; கவனமற்ற துடைப்பு அதனினும் விரைவாகக் கெடுக்கிறது.

துடைத்த குழல் உடனே சீராகச் சுடாது என்பதையும் அறிக. மெழுகும் ஈயமும் மீண்டும் மென்படலமாகப் படியும் வரை முதற்குண்டுகள் விலகும். எனவே பத்துக் குண்டுகள் கழிந்த பின்னரே அளவெடுப்பது முறை.

ஆறாம் படி: அறையும் சுடுமுள்ளும்

தோட்டா இல்லாமல் விசையைப் பன்முறை இழுத்த சில துப்பாக்கிகளில், சுடுமுள் அறையின் விளிம்பையே குத்திப் பள்ளமாக்கியிருக்கும். சுட்ட கூடுகள் ஐந்தை வரிசையாக வைத்து, விளிம்பிலுள்ள முள் அடையாளங்களை ஒப்பிடுக. அடையாளம் ஆழமின்றியோ, ஒன்றுக்கொன்று மாறுபட்டோ இருப்பின், முள் தேய்ந்தோ சுருள்வில் தளர்ந்தோ இருக்கலாம். கூடு பிளந்திருந்தால் சுடுவதை நிறுத்தி, அக்கூட்டை அறிக்கையுடன் அனுப்புக.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இவ்வாறு படியிலும் ஒரு நெறி பொதுவானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் மீண்டும் ஐந்து தொகுதிகள் சுட்டு அளந்து எழுதுக. தோட்டாவை மாற்றி, திருகையும் இறுக்கச் செய்து, குழலையும் துடைத்தபின் துப்பாக்கி சீராயின், எதனால் சீராயிற்று என்று எவராலும் கூற இயலாது. அடுத்த மழைக்காலத்தில் அதே பழுது திரும்பும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே தேட நேரும்.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை: துப்பாக்கியின் எண், சுட்ட நாளும் வானிலையும், தூரம், தோட்டாவின் வகையும் தயாரிப்புத் தொகுதி எண்ணும், தொகுதிகளின் அளவுகள், சுட்டவர் எத்தனை பேர் என்பது, ஒவ்வொரு படியிலும் கண்டது. இலக்குத்தாள்களையும் இணைத்தனுப்புக. பழுது இன்னதென்று ஊகித்து எழுதுவதினும், கண்டதைக் கண்டவாறு எழுதுவதே பழுதுபார்ப்பவருக்குப் பெரிதும் உதவும். எல்லாப் படிகளும் முடியும்வரை மாணவனின் மதிப்பெண்ணையும் துப்பாக்கியின் கழிவு உத்தரவையும் நிறுத்திவைப்பது நீதியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஐந்து குண்டுகளும் 15 மி.மீ. வட்டத்துள், மையத்திற்கு இடப்பக்கம் 60 மி.மீ. தள்ளி விழுந்துள்ளன. இதனைச் சிதறல் எனலாமா? காரணம் கூறுக.

2. குறிகளின் இடைவெளி 600 மி.மீ.; பின்குறி 0.2 மி.மீ. அசைகிறது. 50 மீட்டர் தூரத்தில் குண்டு எவ்வளவு விலகும்?

3. பொட்டாசியம் குளோரைடு படிந்த குழலுக்கு எண்ணெய் மட்டும் இடுவது ஏன் போதாது?

4. மழைக்காலத்தில் மட்டும் குறி தவறும் துப்பாக்கியில், கட்டையையும் தோட்டாவையும் தனித்தனியே எவ்வாறு சோதிப்பீர்? படிகளை வரிசையாக எழுதுக.