மூன்றாவது மாதம்தான் கண்டம்!

விஜயதசமியன்று வெற்றிலை பாக்கில் தட்சணை வைத்து வீணை வகுப்பில் சேருகிறீர்கள். வயது ஐம்பத்தைந்து. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. 'சின்ன வயசு ஆசை, இப்பவாவது கத்துக்கலாமே' என்று உற்சாகம். ஆனால், பொங்கல் வருவதற்குள் வீணைக்கு உறை போட்டு ஓரமாக வைத்துவிடுகிறீர்கள். கேட்டால், "வயசாயிடுச்சு டாக்டர், இனிமே நமக்கு எங்கே ஏறப்போவுது?" என்கிறீர்கள்.

வீணை மட்டுமல்ல. தையல், கம்ப்யூட்டர், ஸ்கூட்டர், இந்தி என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். பழி மட்டும் வயது மேல்!

மூளை வளையுமா?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு, மூன்று பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார்கள். இளைஞர்கள் அளவுக்கு அவர்களுக்குக் கை வரவில்லை. ஆனால் மூன்று மாதப் பயிற்சியில் வித்தை பிடிபட்டவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நினைவாற்றலோடு தொடர்புள்ள பகுதியிலேயே வளர்ச்சி தெரிந்தது. பயிற்சியை நிறுத்திய பிறகு அந்த வளர்ச்சி மறுபடி குறைந்துபோனது.

ஆக, ஐம்பதிலும் வளையும். மெதுவாக வளையும். விட்டால் பழையபடி ஆகிவிடும். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஏன் நடுவில் விடுகிறோம்?

முதல் மாதம் சரளி வரிசை. புதுசு என்பதால் இனிக்கும். ஜண்டை வரிசைக்கு வரும்போது புதுமை போய்விடும். கை வந்த பாடும் இருக்காது. இடது கை ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து எரியும். தரையில் சம்மணமிட்டால் முழங்கால் கெஞ்சும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு நோட்டுப் புத்தகம் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்த எட்டு வயசுக் குழந்தை அலங்காரம் முடித்து கீதத்துக்குப் போய்விடும். உங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். மனசு விட்டுப்போனதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் முதலில் விட்டுப்போனது விரலும் முழங்காலும் கண்ணும்தான். இதற்கெல்லாம் வழி உண்டு.

மருந்து சாப்பிடுவது போல...

சித்த மருத்துவத்தில் நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது அளவு, வேளை, துணைமருந்து, பத்தியம், எத்தனை நாள் என்று ஐந்தையும் சொல்லித்தான் அனுப்புவோம். கற்பதற்கும் இதையே சொல்கிறேன்.

அளவு: நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆறு நாள் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவது, ஒரு வார மருந்தை ஒரே வேளையில் விழுங்குவது மாதிரி. விரல் புண்ணாவதுதான் மிச்சம்.

வேளை: தினமும் ஒரே நேரம். காலை காபி முடிந்ததும் என்று வைத்துக்கொண்டால், 'இன்னிக்கு மூட் இல்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. மூட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் அது தானாக வரும்.

துணைமருந்து: கூட ஒருவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து விழுந்து எழும்போது கேலி யாரை என்ன செய்யும்? உங்கள் வயசில் ஒரு தோழியையோ சம்பந்தியையோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தியம்: ஒப்பிடக் கூடாது. அந்த எட்டு வயசுக் குழந்தையைக் கண்டிப்பாகக் கூடாது! அடுத்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. பகலில் பழகியது மூளையில் படிவதற்கு இரவுத் தூக்கம் வேண்டும்.

காலம்: ஒரு மண்டலம். 48 நாட்களுக்கு 'நமக்கு வருமா, வராதா' என்ற ஆராய்ச்சியே வேண்டாம்.

உடம்பையும் கவனியுங்கள்

தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, வீணையை உயரமான ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம். நோட்டுப் புத்தகத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி போடுங்கள். காலையில் விரல் விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் தந்தியில் வழுக்கிப் போகும்.

சர்க்கரை நோயாளிகள் தினமும் விரல் நுனிகளைப் பார்க்க வேண்டும். மரத்துப்போன விரலில் தந்தி அறுத்தது தெரியாது; புண் ஆறவும் நாளாகும். மரமரப்பு இருந்தாலோ, மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஞாபகசக்திக்கு லேகியம் கொடுங்களேன்" என்று கேட்பவர்களும் உண்டு. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பழகாத கைக்கு ஜண்டை வரிசை சொல்லித்தரும் லேகியம் எந்தச் சித்தர் பாட்டிலும் இல்லை!

கடைசியாக ஒன்று. முதல் நாள் வாசித்ததை உங்கள் போனில் பதிவு செய்து வையுங்கள். நடுவில் கேட்கவே கேட்காதீர்கள். நாற்பத்தெட்டாம் நாள் கேளுங்கள். அடுத்த மண்டலத்துக்கு உங்களை யாரும் தூண்டிவிட வேண்டியிருக்காது.