இட்லி பலமாவது எப்படி?

கேள்வி: காலையில் சாப்பிட்ட இட்லி, மாடிப்படி ஏறும் பலமாக மாறுவது எப்படி?

பதில்: இட்லியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி, ரத்தம் வழியே செல்லுக்குள் போகிறது. அங்கே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறின் முதல் உடைப்பில் மிஞ்சுவது, செல் நேரடியாகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு இரண்டே. பெரிய வரவு செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில்தான். உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி, நாம் சுவாசித்த ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த இறக்கத்தின் ஆற்றல் புரோட்டான்களை அதன் உள்சவ்வுக்கு வெளியே தள்ளித் தேக்குகிறது. அணைநீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல, திரும்பி வரும் புரோட்டான்கள் ஒரு புரதச் சக்கரத்தை உண்மையாகவே சுழற்ற, ஏ.டி.பி. உருவாகிறது. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-ல் இந்தப் புரோட்டான் தேக்கத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு வந்தது. எனக்கு இன்றும் தீராத வியப்பு ஒன்று: உடலில் எந்நேரமும் இருப்பது சில பத்து கிராம் ஏ.டி.பி.தான். அதுவே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, ஒரே நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குப் புழங்குகிறது.