கிராம சபை ஒலிப்பதிவும் கம்பியில்லா மைக்கும்

ஆண்டுதோறும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் மே மாதக் கூட்டத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் வாய்க்கால்கள் சீராக்கப்பட்டனவா என்று குடிமக்கள் கேட்பதற்கு அதுவே தக்க தருணம். அப்பேச்சுக்களை ஒலிப்பதிவு செய்து வைத்தல் நல்ல ஏற்பாடேயாகும். ஆயினும், பதிவு தெளிவாக இருந்தாலன்றி அதனாற் பயனில்லை.

"எங்கள் கிளை வாய்க்கால் தூர் வாரப்படவில்லை" என்று கடைமடை விவசாயி ஒருவர் கூறுவதாக வைத்துக்கொள்வோம். தமிழில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. பேசி முடிக்கும்போது மைக் பிடித்த கை தாழ்வதும் குரல் தணிவதும் இயல்பு. அக்கணத்தில் இரைச்சல் புகுந்தால் 'வில்லை' மறைந்துவிடும். வாரப்பட்டதா, இல்லையா என்ற ஐயமே மிஞ்சும்.

இரைச்சலின் காரணங்கள்

கம்பியில்லா மைக் என்பது ஒரு சிறு வானொலி நிலையம். அது அனுப்பும் அலையை மேடையருகே உள்ள வாங்கிப் பெட்டி பிடித்து ஒலியாக்குகிறது. ஒரே மடையில் இருவர் நீர் பாய்ச்ச முனைந்தாற் பூசல் விளைவதுபோல், ஒரே அலைவரிசையில் இரு அலைகள் வந்தால் குழப்பம் நேரும்.

மூன்று மைக்குகள் உள்ள இடத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. 600.0, 600.4 மெகா ஹெர்ட்ஸில் இரு மைக்குகள் இயங்கினால், அவை கலந்து 599.6, 600.8 என்ற புது அலைகளை உண்டாக்கும். மூன்றாம் மைக் 600.8இல் இருந்தால் அது கெடும். ஆகவே சம இடைவெளியில் அலைவரிசைகளை அமைத்தலாகாது. தயாரிப்பாளர் ஒன்றுசேர்த்துக் குறித்துள்ள தொகுதியையே கையாளல் வேண்டும்.

2.4 கிகா ஹெர்ட்ஸில் இயங்கும் மலிவான மைக்குகள் வைஃபை, புளூடூத் ஆகியவற்றோடு ஒரே அலைப்பகுதியைப் பகிர்கின்றன. 700 மெகா ஹெர்ட்ஸ் பகுதி 2022ஆம் ஆண்டு ஏலத்தில் கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டது. அப்பகுதியில் இயங்கும் பழைய கருவிகளை வாங்காதிருத்தல் நலம்.

செய்யத்தக்கவை

1. வாங்கிப் பெட்டியை மேசைக்கடியில் வைத்தலாகாது. மனித உடல் அலையை உறிஞ்சும். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, மைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்து, அதன் இரு ஏரியல்களையும் 'வி' வடிவில் விரித்து வைக்க வேண்டும்.

2. மைக்குக்கும் வாங்கிப் பெட்டிக்கும் இடையே மூன்று மீட்டராவது இருத்தல் வேண்டும். கைப்பேசிகளைப் பெட்டியினருகில் வைத்தலாகாது.

3. கூட்டம் தொடங்குமுன் ஜெனரேட்டர், விளக்குகள் யாவற்றையும் இயக்கிவிட்டு, மைக்கோடு பந்தல் முழுவதும் நடந்து பரிசோதிக்க வேண்டும். புது பாட்டரியே இடவேண்டும்.

4. மைக் வயரை மின்சார வயரோடு சேர்த்துக் கட்டலாகாது; குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடத்துக.

5. மக்கள் பேசுமிடத்தில் வயருள்ள மைக் ஒன்றை ஸ்டாண்டில் நிலையாக நிறுத்துவதே யாவற்றினும் பாதுகாப்பானது. மிக்ஸரிலிருந்து பதிவு எடுப்பதோடு, தனிப் பதிவுக்கருவி ஒன்றையும் பேசுவோரருகில் வைத்தல் நன்று.

மின்சாரத்தினால் எழும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைப் பின்னர் ஓரளவு வடித்தெடுக்கலாம். ஆனால் பதிவாகாத சொல்லை எக்கருவியாலும் மீட்க இயலாது. ஆதலின், ஒருவர் பேசி முடித்ததும் அவர் கூறியதன் சாரத்தை ஊராட்சிச் செயலர் வயருள்ள மைக்கில் ஒருமுறை படித்துக் காட்டுவாராக. பேசியவர் "ஆம்" என ஒப்பியபின் அடுத்தவரை அழைக்கலாம். செலவற்ற இவ்வழக்கத்தினால் பதிவும் நிலைக்கும். குடிமகனின் சொல்லும் பிழைபடாது தீர்மானப் புத்தகத்தை அடையும்.